எரிந்த தீவில் கை நனைக்காமல் மூன்று நாள்

தீவின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே எங்களைத் தங்கவைத்த கத்தரினா அம்மாள் என்னிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். கணினியில் அந்தப் பெயரைத் தட்டினால் முதலில் வருவது கடல் இல்லை, எரிகிற மலை. அந்தப் பட்டியலில் நீங்களும் ஒரு வரி சேர்க்காதீர்கள் என்றார். கிரேக்க நாட்டுத் தீவு, கோடை வந்தால் ஊரே விடுதியாகிவிடும் தீவு, மூன்று கோடைக்கு முன் காட்டுத்தீயில் பாதி வெந்துபோன தீவு. உங்களுக்கு இவ்வளவு போதும்.

அங்கே எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வால்வு செய்கிற கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிறவன். தீயணைப்பு வண்டிக்குத் தண்ணீர் பிடிக்க சாலையோரம் நிற்கும் குழாய்களில் பொருத்துகிற வால்வு. தீக்குப் பிறகு அந்தத் தீவில் புதுக் குழாய்கள் நட்டார்கள். வால்வு எங்களுடையது. சிலது கசிகிறது என்று கடிதம் வந்தது. வாஷரை மாற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று என்னையும் ஃபிட்டர் முனிரத்தினத்தையும் அனுப்பினார்கள். எங்கே ஏறினோம், எங்கே மாறினோம் என்பதை விட்டுவிடுகிறேன். முனிரத்தினம் வழியெல்லாம் தூங்கினார், நான் தூங்கவில்லை. சொல்வதற்கு வேறொன்றும் இல்லை.

முனிரத்தினம் பள்ளிப்பட்டுக்காரர். அடுத்த வருடம் ஓய்வு. அவர் என்னை ‘சார்’ என்பார், நான் அவரை ‘அண்ணா’ என்பேன். யார் யாருக்கு மேலே என்பதை நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. எப்போதோ வளைகுடாவுக்குப் போவதற்காக எடுத்து, போகாமல் பீரோவில் கிடந்த பாஸ்போர்ட் அவருடையது. அடுத்த வருடம் அவரோடு சேர்ந்து அதுவும் ஓய்வு பெறுவதாக இருந்தது.

கப்பல் தீவை நெருங்கும்போதே எனக்குக் குழப்பம் தொடங்கிவிட்டது. கடல் நீலமென்றால் அப்படி ஒரு நீலம். அதற்கு மேலே மலை கரி. எங்கள் ஊர் இரும்பு ஆலைகளுக்குப் பின்னால் கொட்டிவைத்திருக்கும் கசடு மேடு மாதிரி, ஆனால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும். அந்தக் கரிமலையின் அடிவாரத்தில், மணலில், பத்துப் பதினைந்து பேர் அரைகுறை உடையில் மல்லாந்து படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்.

“சார், இது துக்கத்துக்கு வந்த ஜனமா, ஜாலிக்கு வந்த ஜனமா?” என்றார் முனிரத்தினம்.

“ஜாலிக்குத்தாண்ணா.”

“அப்ப நாம எதுக்கு வந்துகிறோம்?”

“வேலைக்கு.”

“வேலைக்கு வந்தவன் மூஞ்சிய எப்படி வச்சிக்கணும், அத்த சொல்லு.”

பாதி சிரித்த முகமாக வைத்துக்கொண்டு இறங்கினேன்.

துறைமுகத்தில் ஊராட்சி ஆள் யானிஸ் சின்ன லாரியோடு காத்திருந்தார். முனிரத்தினம் மரியாதையாக இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். எதிரில் ஸ்டியரிங். அந்த ஊரில் டிரைவர் இடது பக்கம். யானிஸ் சாவியை அவரிடமே நீட்டினார். அன்றைக்கு நாங்கள் மூவரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு முறைதான். அதன் பிறகு ஒரு ஆட்டுக்கூட்டம் குறுக்கே படுத்துவிட்டது, எழுந்திருக்க மனமில்லாமல். யானிஸ் இறங்கிப் போய் ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பினார். நம் ஊர் பைபாசில் மாடு படுத்தால் ஹாரன் அடித்தே அதன் காதைக் கிழித்திருப்போம்.

நாங்கள் தங்கிய இடம் கத்தரினா அம்மாளின் விடுதி. எட்டு அறை, வெள்ளைச் சுவர், நீல ஜன்னல். நெருப்பு தோட்டத்து வேலி வரை வந்து நின்றிருக்கிறது. வேலிக்கு இந்தப் பக்கம் எலுமிச்சை மரம், அந்தப் பக்கம் கரிக்கட்டை. அம்மாளுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். தலை முதல் கால் வரை கறுப்பு உடை. சுற்றுலாக்காரர்களோடு பேசிப் பழகிய உடைந்த ஆங்கிலம், என்னுடையதைப் போலவே. “வாருங்கள், வாருங்கள். இந்தக் கோடையில் முதலில் வந்திருப்பது நீங்கள்தான்” என்று இரண்டு கையையும் விரித்தார்.

கூடத்தில் நுழைந்ததும் முனிரத்தினம் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“சார், செருப்ப வெளிய வுடு.”

“இன்னாணா?”

“அங்க பாரு.”

கூடத்து மூலையில் ஒரு சாமி மாடம். மேரியம்மாள் படம், யாரோ முனிவர் படம். அவற்றோடு ஒட்டினாற்போல் ஒரு பையனின் போட்டோ, ராணுவ உடையில், சிரித்த முகம். எதிரில் கண்ணாடிக் கிண்ணத்தில் எண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. போட்டோவுக்கு மேலே வெள்ளைப் பூவால் கட்டிய இரண்டு வளையம் தொங்கியது.

“வெளக்கு எரியுது. மாலை போட்டுக்குது. அந்தம்மா கறுப்பு கட்டிகினுகீது. ஒரே புள்ள போல சார். நெருப்புல பூட்டான்.”

அவர் சொன்னதில் மறுக்க எதுவும் இல்லை. நம் ஊரில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் விளக்கும் மாலையுமாக ஒரு போட்டோ இருந்தால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

அம்மாள் ஒரு தட்டோடு வந்தார். கெட்டித் தயிர், அதன் மேல் கறுப்பாக ஏதோ ஊற்றியிருந்தது. தேன் என்றார். பின்னால் இருந்த பைன் மலையில் அவருக்கு நாற்பது தேனீப் பெட்டிகள் இருந்தனவாம். பூவிலிருந்து எடுக்கிற தேன் இல்லை, பைன் மரப்பட்டையில் ஒரு பூச்சி விடுகிற இனிப்பை எடுத்துத் தேனீ செய்கிற தேன். பூ இல்லாமல் தேனா என்று அதற்கு ஒரு தனிக் குழப்பம் எனக்கு. பெட்டியும் போயிற்று, மலையும் போயிற்று. “மிச்சம் இருப்பது இந்த ஒரு பாட்டில். உங்களுக்காகத்தான் திறந்தேன்” என்றார்.

முனிரத்தினம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். என் காதில், “சாவு ஊட்ல எவனாச்சும் தேன் துன்னுவானா?” என்றார்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் காலனியில் ஏழு குடிசைகள் ஒரே மத்தியானத்தில் எரிந்தன. அன்றைக்கு எங்கள் அம்மா ஒரு குண்டான் நிறையச் சோறு வடித்து எடுத்துப் போனார். “எரிஞ்ச ஊட்டுக்கு நாமதான் எட்துகினு போவணும், அவங்க கிட்ட வாங்கி ஒரு வாய் தண்ணிகூட குடிக்கக் கூடாது” என்று என்னையும் அதட்டித்தான் அழைத்துப் போனார். இங்கே எரிந்த வீடும் சாவு வீடும் ஒன்றாகவே இருக்கிறது. இதற்கு இரண்டு மடங்கு முறை செய்ய வேண்டுமா? வயிறு சரியில்லை என்று அம்மாளிடம் சொல்லிவிட்டேன். அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு முனிரத்தினம் கொண்டுவந்த அவலையும் வேர்க்கடலையையும் ஊறுகாய் தொட்டுத் தின்றோம்.

இரண்டாம் நாள் காலை சமையலறையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அம்மாளும் கூடவே பாடினார். முனிரத்தினம் வாசலில் நின்று என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மேசையில் ரொட்டி, ஆலிவ் காய், பிறகு தக்காளியைக் குடைந்து உள்ளே சோறு வைத்து வேகவைத்த ஒரு பண்டம். அதன் வாசனையில் எனக்கு நாக்கு ஊறியது. “நாஷ்டா வாணாம் சார்” என்றார் முனிரத்தினம் கண்டிப்பாக. அம்மாள் எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தட்டுகளை எடுத்து உள்ளே வைத்தார்.

வேலை எளிது. வால்வைக் கழற்று, பழைய வாஷரை எடு, புதியதைப் போடு, தண்ணீரைத் திறந்து விட்டுப் பார். சாலையோரமாக மலை ஏறிக்கொண்டே போனோம். எரிந்த மரங்களை வெட்டிச் சரிவுக்குக் குறுக்கே வரப்பு மாதிரி கிடத்தியிருந்தார்கள். மழை மண்ணை அடித்துப் போகாமல் இருக்க. அந்தக் கட்டைகளுக்கு இடையே விரல் உயரத்துக்கும் சாண் உயரத்துக்கும் பைன் கன்றுகள். நெருப்பில்தான் சில காய்கள் வெடித்து விதை விடும் என்றார் யானிஸ். முனிரத்தினம் ஒரு குழாயைத் திறந்து சோதிக்கும்போதெல்லாம் வருகிற தண்ணீரை வீணாக்காமல் அந்தக் கன்றுகள் பக்கம் திருப்பிவிட்டார். சட்டை நனைந்தாலும் அதை விடவில்லை.

மத்தியானம் துறைமுகத்துக் கடையில் யானிசோடு சாப்பிட்டோம். பெரிய வெள்ளை மொச்சை, தக்காளிக் குழம்பில். கடையில் சாப்பிட்டால் குற்றமில்லை என்பது முனிரத்தினத்தின் தீர்ப்பு. இரண்டு தட்டு காலி செய்தார். நான் தயங்கித் தயங்கி, “கத்தரினா அம்மாளின் மகன்…” என்று தொடங்கினேன்.

யானிஸ் பெருமூச்சு விட்டார். “அவனைப் பற்றி அவரிடம் பேசிவிடாதீர்கள். அழுவார்.”

அதோடு நாங்கள் முடிவு செய்துவிட்டோம்.

சாயங்காலம் என் மனைவி செல்விக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“ரேடியோ பாடுதா? சாவு ஊட்லயா?”

“மூணு வருசம் ஆயிடுச்சில்ல.”

“மூணு வருசம் ஆனா வெளக்கு மட்டும் ஏன் எரியுது?” கொஞ்சம் யோசித்தாள். “அது அவங்க ஊர் வழக்கமா இருக்கும். நீ வாய வச்சிகினு சும்மா இரு. கெளம்பும்போது போயிட்டு வரேன்னு மட்டும் சொல்லித் தொலைக்காத. பெத்தவ மனசு கஷ்டப்படும்.”

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால் கத்தரினா அம்மாள் கதவருகில் நிற்கிறார். கையில் ஒரு கிண்ணம். வயிறு சரியில்லாதவர்களுக்கு என்று குழைய வேகவைத்த அரிசி, எலுமிச்சை பிழிந்து. அசல் நம் ஊர் கஞ்சி.

“ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். என் வீட்டில் புகை வாசனை வருகிறதா?”

“இல்லை, இல்லவே இல்லை.”

“தீக்குப் பிறகு வந்தவர்கள் சிலர் அப்படிச் சொன்னார்கள். மூன்று முறை சுண்ணாம்பு அடித்தேன். பிறகு ஏன் நீங்கள் சாப்பிட மாட்டேன் என்கிறீர்கள்?”

நான் என்ன சொல்வேன்? உங்கள் பிள்ளை செத்துவிட்டதால் என்று எப்படிச் சொல்வது? வயிறு, வயிறு என்று அதையே தடவிக் காட்டினேன். கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். போகிற வழியில் அந்தப் போட்டோ முன் நின்று, கண்ணாடியை முந்தானை மாதிரி இருந்த துணியால் துடைத்து, கண்ணையும் துடைத்துக்கொண்டார். அந்தக் கஞ்சி ஆறி ஏடு கட்டும் வரை நானும் முனிரத்தினமும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை வேலையை முடித்துவிட்டு, மத்தியானக் கப்பலுக்குப் புறப்பட்டோம். முனிரத்தினம் போட்டோ முன் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டார். அம்மாள் வாசலில் நின்றார், ஏதாவது சொல்வோம் என்று காத்திருந்த மாதிரி. நாங்கள் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, முறை தவறாமல் வெளியேறினோம். சாலை திரும்பும் இடத்தில் நான் மட்டும் லேசாகப் பார்த்தேன். இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

காற்று பலமாக இருந்ததால் கப்பல் இரண்டு மணி நேரம் தாமதம். ஒருவழியாக வந்து, பின்பக்கப் பலகையை இறக்கியது. முதலில் லாரிகள், பிறகு ஆட்கள். முனிரத்தினம் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

“சார்.”

“இன்னாணா?”

“போட்டோ வருது சார்.”

ஆமாம். அந்த முகமேதான். தலையில் முடி கொஞ்சம் குறைந்திருந்தது, தொந்தி வைத்திருந்தது. தோளில் பையோடு நேராக எங்களைப் பார்த்து வந்து, ஆங்கிலத்தில், “நீங்கள்தானே அந்த இந்தியர்கள்?” என்று கேட்டது.

முனிரத்தினம் அவன் கையைப் பிடித்தார், விடவில்லை. “சுடுது சார். உசுரோடதான் கீறாரு” என்றார். எனக்கு அந்த நிமிடத்தில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அவன் பெயர் நிகோஸ். ஏதென்ஸில் வேலை. மூன்று வருடமாக அம்மாவைத் தன்னோடு வந்துவிடச் சொல்லிச் சண்டை. எரிந்த மலையடியில் தனியாக ஏன் இருக்க வேண்டும் என்று. அம்மா அசையவே இல்லை. ஆட்கள் திரும்ப வருவார்கள், வீட்டைத் திறந்தே வைத்திருப்பேன் என்பது அவருடைய பிடிவாதம். “நேற்று இரவு அவரே ஃபோன் செய்தார். முதலில் வந்த விருந்தாளிகள் தேனைத் தொடவில்லை, கஞ்சிகூடக் குடிக்கவில்லை, இனி யாரும் வரமாட்டார்கள், வீட்டைப் பூட்டப்போகிறேன், வந்து கூட்டிப்போ என்றார். நான் மூன்று வருடம் கேட்டு நடக்காததை நீங்கள் மூன்று நாளில் நடத்திவிட்டீர்கள்” என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. “அப்படி என்ன செய்துவிட்டார் என் அம்மா?”

சொன்னேன். போட்டோ, விளக்கு, மாலை, கறுப்பு உடை, எல்லாவற்றையும். அவன் முதலில் வாயைப் பிளந்தான். கறுப்பு உடை அவன் அப்பாவுக்காக, அவர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. விளக்கு சாமிகளுக்கு. வெள்ளை வளையம் அப்பா அம்மாவின் கல்யாணத்தில் தலையில் வைத்த பூமுடி. அங்கே அதைச் சாமியோடுதான் வைப்பார்கள். ராணுவத்தில் இருந்தபோது மகனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று அவன் போட்டோவைச் சாமிகளுக்கு நடுவில் வைத்தவர், பிறகு எடுக்கவே இல்லை. “அப்படியானால் மூன்று நாளும் நீங்கள் எனக்குத் துக்கம் காத்தீர்களா?” என்றான்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கப்பல் ஊதியது. நான் டிக்கெட்டைப் பார்த்தேன். முனிரத்தினம் பையைத் தூக்கி எதிர்ப்பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தார்.

“கப்பலு போனா போவட்டும் சார். ஒரு பொம்பள கஞ்சி காச்சி வச்சிகினு நின்னா. அத்த குடிக்காம வந்துகிறோம். வா.”

நிகோஸ் பிடித்த டாக்சியில் போய் இறங்கியபோது அம்மாள் கட்டில்களின் மேல் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டிருந்தார். மகனைப் பார்த்தார், பின்னால் எங்களைப் பார்த்தார். முனிரத்தினம் நேராகச் சமையலறைக்குப் போய் மேசைமுன் உட்கார்ந்து, ஐந்து விரலையும் குவித்து வாயருகே காட்டி, சுத்தத் தமிழில் சொன்னார்:

“சோறு போடும்மா. பசிக்குது.”

நிகோஸ் கிரேக்க மொழியில் நீளமாக ஏதோ சொன்னான். அம்மாள் போட்டோவைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு கையிலிருந்த துணியால் முனிரத்தினத்தின் தோளில் பட்டென்று ஒரு அடி. அடுத்தது எனக்கு. அதன் பிறகுதான் சிரிக்கவும் அழவும் தொடங்கினார், இரண்டும் ஒரே நேரத்தில்.

தக்காளிச் சோறு, மொச்சை, ரொட்டி, கெட்டித் தயிர். முனிரத்தினம் தயிரைச் சோற்றில் கொட்டிக் கையால் பிசைந்து ஊறுகாயையும் வைத்து அம்மாளுக்கே ஒரு உருண்டை கொடுத்தார். காரத்தில் அவர் கண் பிதுங்கிப்போனது. கடைசியில் தேன் வந்தது. வெல்லப்பாகு மாதிரி கறுப்பு, அதில் மரப்பிசினின் வாசனை. எரிந்துபோன ஒரு மலை எப்படி இருந்தது என்று அப்போதுதான் கொஞ்சம் தெரிந்தது. பாட்டிலில் பாதியை மூடி வைக்கச் சொன்னோம்.

மறுநாள் கப்பலுக்குப் புறப்படும்போது, இந்த முறை வாசலில் நின்று, நன்றாகச் சத்தமாக, “போயிட்டு வரோம்மா” என்றார் முனிரத்தினம். நிகோஸ் அதை அப்படியே மொழிபெயர்த்தான். அம்மாள் உடனே திருப்பி ஒரு கேள்வி கேட்டார்.

“எப்போது என்று கேட்கிறார்” என்றான் நிகோஸ்.

என் வாழ்நாளில் எத்தனை வாசல்களில் எத்தனை முறை ‘போயிட்டு வரேன்’ சொல்லியிருப்பேன்; எப்போது என்று ஒருவர் கேட்டதில்லை. முனிரத்தினம் தயங்கவே இல்லை. ஒரு விரலைத் தூக்கி, “அடுத்த வருசம்” என்றார். கட்டில்மேல் போர்த்திய துணிகளை உருவச் சொல்லி மகனுக்கு அம்மாள் உத்தரவு போடுவது, நாங்கள் தெருவில் இறங்கும்போதே காதில் விழுந்தது.

கப்பலில் எனக்கு ஆத்திரம். “ஏன்ணா அப்படி ஒரு பொய்? கம்பெனி நம்மள மறுபடி அனுப்புமா?” என்றேன். அவர் தூங்கிவிட்டார்.

நிகோஸிடமிருந்து சில வாரம் கழித்துச் செய்தி வந்தது. வீடு திறந்திருக்கிறது, ஜெர்மனியிலிருந்து ஒரு குடும்பம் வந்து தங்கியிருக்கிறது, அம்மா அவனுடைய போட்டோவை மட்டும் சாமி மாடத்திலிருந்து எடுத்து ஃபிரிட்ஜுக்கு மேலே மாட்டிவிட்டார் என்று. அதைச் சொல்லலாமென்று காலையில் கம்பெனி ஒர்க்ஷாப்புக்குப் போனால் முனிரத்தினத்தின் இடம் காலி. லீவு போட்டிருக்கிறார் என்றார்கள். மறுநாள் வந்தார்.

“எங்கணா போன?”

“திருவள்ளூருக்கு. பாஸ்போர்ட்ட புதுசு பண்ண கொடுத்துட்டு வந்தேன்.”

“ரிடையர் ஆவப்போற ஆளு. இன்னாத்துக்குணா பாஸ்போர்ட்டு?”

அவர் ஒரு வால்வைக் கையில் எடுத்து, வாஷர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்தார். பிறகு, இதுகூடத் தெரியாதா என்பதுபோல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அந்தம்மா கையில சொல்லிட்டு வந்துகிறேன் சார்.”